வலது பக்கத்து விசில்

"அன்னிக்கு நல்ல பொண்ணுன்னு சொன்னது உங்க வாய்தானுங்களே? அதே வாயால இப்ப சபையில வந்து சொல்லோணும், பொண்ணு ஊட்டுக்காரங்க சீக்கை மறைச்சுட்டாங்கன்னு!"

கந்தம்மாள் மேசையில் அடித்த அடியில் டீ கிளாஸ் ஒரு முறை குதித்து அடங்கியது.

மலர்விழி கிளாஸைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறது அவளுடைய அலுவலகம். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்துச் சொல்வதுதான் தொழில். இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்திருக்கும் இந்தக் கந்தம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன்பு வந்து, தன் மகன் பிரபாகருக்குப் பார்த்த பெண்ணை விசாரிக்கச் சொன்னாள். பெண் பெயர் ரஞ்சிதா. நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு விவசாயம் பார்க்கும் சடையனின் மகள். மலர்விழி விசாரித்தாள். பெண் தங்கம் என்று சொன்னாள். அதை மாற்றிக்கொள்ள இன்றுவரை அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"என்ன சீக்கு?"

"டீபிங்க. ஓயாத இருமல். சளியில ரத்தம். நெஞ்சைப் படம் புடிச்சா வலது பக்கம் வெள்ளையா ஒரு திட்டு. மாசக்கணக்கா மாத்திரை முழுங்கியும் அசையல. கண்ணாலத்துக்கு முந்தியே இருந்திருக்கு. அப்பன் ஊட்டுக்கு அனுப்பி வெச்சுட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை ராசிபுரத்துல ரெண்டு பக்கத்துச் சனமும் உக்காந்து கண்ணாலத்தை அத்து உடப் போறோம். நீங்க வந்து ஒத்த வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லலைன்னா?"

"இந்தம்மாளும் கூட்டுன்னு செவ்வாய்ப்பேட்டை பூராச் சொல்லுவேன்."

மூலையில் உட்கார்ந்து தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்த உதவியாளன் இளவழகன் நிமிர்ந்து பார்த்தான். அம்மாவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்ற பிரபாகரைக் காட்டிக் கேட்டான்.

"ஏனுங்க, உங்க மகன் வந்ததுல இருந்து வாயே திறக்கலையே. நீங்க பேசறப்ப அவரை வண்டி மாதிரி அணைச்சு வெச்சுடுவீங்களா?"

"எம்பையன் வாயில்லாப் பூச்சிங்க. அவன் பொண்டாட்டியைத் தறிக் கொட்டாய்ப் பக்கம்கூட விட்டதில்லீங்க நானு. நிச்சயத்தன்னைக்கு அவங்கப்பன் கேட்டான், 'எந்தங்கச்சிக்குத் தறிச் சத்தத்துல காது போச்சு, எம்புள்ளையைத் தறியில உக்கார வெக்கக் கூடாது'ன்னு. கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். மகாராணி மாதிரி வெச்சிருந்தேன். அதுக்குக் கெடச்ச கூலி இது!"

தறிக் கொட்டாய் என்ற சொல் வந்தபோது பிரபாகரின் கண்கள் ஒரு நொடி உயர்ந்து, மறுபடி தரைக்கே போயின. மலர்விழி அதைப் பார்த்தாள்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் இளவழகன் கேட்டான். "கோபமா அக்கா?"

"இல்ல."

"மூக்கு சிவந்திருக்கு."

"கீழே மிளகாய் மூட்டை இறக்கறாங்க."

"அப்ப எனக்கும் கோபம்தான்" என்று சொல்லி அவன் தும்மினான்.

மலர்விழி எழுந்து கைப்பையை மாட்டினாள். "மருமகளுக்கு உடம்புக்கு முடியலைன்னா வேற நல்ல டாக்டரைத் தேடிப் போவாங்க. இவங்க சாட்சியைத் தேடி வர்றாங்க. வண்டியை எடுடா."

*

சடையனின் களத்து வாசலில் ஒரு லாரி நின்றது. அதன் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த ஆள் நிமிர்ந்தார். சடையனின் அண்ணன், பொன்னன். அவர் குரலுக்கு ஏர் ஹாரன் தேவையில்லை.

"ஏனுங் மலர்விழியம்மா! எங்க புள்ளையைக் கெடுத்துப் பேச வந்தீங்களா, இல்ல நாயம் பேச வந்தீங்களா?"

"பிள்ளையைப் பார்க்க வந்தேன். எங்க?"

லாரிக்கு அந்தப் பக்கம் நின்ற சடையன் காட்டுப் பக்கம் கை காட்டினார். கிணற்று மேட்டில் மோட்டார் ரூம். கரண்டுப் பெட்டிக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர். கட்டிலில் ரஞ்சிதா.

மலர்விழி திரும்பினாள். "பெத்த பொண்ணை மோட்டாருக்குத் துணையா வெச்சிருக்கீங்களா?"

"தொத்து நோயுங்களே. ஊட்ல சின்னப் பசங்க இருக்குதுங்க. சம்பந்தியம்மாதான் அக்கட்டால தள்ளி வெச்சுக்கோன்னு…"

"உங்க பொண்ணை எங்க படுக்க வைக்கணும்னு அவங்க சொன்னாங்க, நீங்க படுக்க வெச்சீங்க. நல்ல அப்பா."

சடையனின் முகம் கறுத்தது. மலர்விழி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

பக்கத்தில் போனதும் அது கேட்டது. ரஞ்சிதா மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நெஞ்சுக்குள் மெலிதாக ஒரு விசில். தூரத்தில் யாரோ பையன் இலையை மடித்து ஊதுவதைப் போல. மலர்விழி கட்டிலிலேயே உட்கார்ந்தாள். அந்தப் பெண் பதறி விலகினாள்.

"வேண்டாமுங்க அக்கா, ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். திரும்பு."

முதுகில் காதை வைத்தாள். இடது பக்கம் மூச்சு சத்தமில்லாமல் போய்வந்தது. வலது பக்கம் வைத்தாள். விசில்.

இளவழகன் தென்னை மரத்தடியில் வாங்கிய இளநீரோடு வந்தான், ஸ்ட்ரா சொருகி. ரஞ்சிதா அதை வாங்கினாள். ஸ்ட்ராவைப் பார்த்தாள். பாம்பைப் பிடுங்கி எறிகிற மாதிரி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காயைத் தூக்கிக் குடித்தாள். பாதி அவள் சேலையில் வழிந்தது.

"ஏம்மா, நான் காசு கொடுக்காம எடுத்துட்டு வந்த ஸ்ட்ரான்னு தெரிஞ்சு போச்சா?" என்றான் இளவழகன்.

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். இருமி முடித்ததும் அவள் சொன்னாள். "உறிஞ்ச மாட்டேனுங்க. சும்மா… பயம்."

வண்டிக் காற்றில் மலர்விழியின் தலையிலிருந்த பூச்சரம் அறுந்து இரண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்து நீட்டினாள். "இதைக் கொஞ்சம் சேர்த்துக் குடு கண்ணு."

ரஞ்சிதாவின் விரல்கள் வாங்கின. இரண்டு நுனிகளையும் குறுக்கே வைத்து, இடது கையால் ஒரு வளைப்பு, ஒரு நுழைப்பு, இழுப்பு. மீதி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். சரம் ஒன்றாகிவிட்டது. இதையெல்லாம் செய்யும்போது அவள் நூலைப் பார்க்கவே இல்லை.

திரும்பி நடக்கும்போது மலர்விழி கேட்டாள். "பார்த்தியா?"

"பூக்காரியா போகலாம்."

"பூக்கட்டுற முடிச்சு இல்லடா அது. ஓடுற தறியில இழை அறுந்தா சட்டுனு சேர்க்கிற முடிச்சு. எங்கம்மா அம்மாபேட்டையில நெய்தவ. எங்க வீட்டுல சோறு ஊட்டுறதுக்கு முந்தி அதைச் சொல்லிக் குடுப்பாங்க. குச்சிக்கிழங்குக் காட்டுல பிறந்தவளுக்கு அது எப்படி வந்துச்சு?"

இளவழகன் வண்டியை உதைத்தான். "அப்ப மகாராணியோட சிம்மாசனம் தறிதானா!"

*

நுரையீரல் டாக்டர் பிரபாவுக்குக் கையும் வேகம், கோபமும் வேகம். சேலத்தில் அவர் அறைக்கு மறுநாள் காலையிலேயே ரஞ்சிதாவைக் கூட்டிப் போய்விட்டாள் மலர்விழி. டாக்டர் பழைய படங்களை வரிசையாக வெளிச்சத்தில் மாட்டினார்.

"எல்லாத்துலயும் அதே இடம், அதே திட்டு. சளியில ஒரு தடவைகூட கிருமி காட்டலை. ஆனா மாத்திரை மட்டும் போயிட்டே இருந்திருக்கு" என்றார். "ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும் ஊதும். ஒரு பக்கம் மட்டும் விசில்னா, அந்தக் குழாயை ஏதோ அடைக்குது. உள்ளேயே வளர்ந்த கட்டியா இருக்கலாம். வெளியிலிருந்து போன பொருளாவும் இருக்கலாம்."

"பொருள்னா படத்துல தெரியாதுங்களா?"

"ஆணி, காசு தெரியும். நிலக்கடலை தெரியாது. பிளாஸ்டிக் தெரியாது. சப்போட்டா விதை எடுத்திருக்கேன், பேனா மூடி எடுத்திருக்கேன். ஒரு வாத்தியாருக்கு அவரோட பல் செட்டுல உடைஞ்ச துண்டு. பாதிப் பேருக்கு உள்ள போனதே ஞாபகம் இருக்காது."

"மீதிப் பேருக்கு?"

"சொல்ல மாட்டாங்க." டாக்டர் ரஞ்சிதாவிடம் திரும்பினார். "இருமல் வர்றதுக்கு முன்னாடி, என்னிக்காவது பெருசா புரையேறி மூச்சு முட்டுச்சா?"

"இல்லீங்க" என்றாள் ரஞ்சிதா. கேள்வி முடியும் முன்பே வந்த பதில். கண்கள் கால் விரலில் இருந்தன.

நர்ஸ் அவளை ரத்தம் எடுக்க அழைத்துப் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் குழாய் விட்டுப் பார்க்கப் போறேன். என்ன பொருள்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லது. வழுக்குமா, உடையுமான்னு பார்த்துப் பிடிக்கிற கருவியை மாத்தணும். தப்பாப் பிடிச்சா இன்னும் ஆழத்துக்குப் போயிடும். நீங்க துப்பறியறவங்கதானே, கண்டுபிடிச்சுட்டு வாங்க."

"நாளைக்குள்ளயா?"

"முன்னாடி பார்த்த டாக்டர்கிட்டயும் பேசினேன். அவர் டீபின்னு முடிவு பண்ணதுக்குக் காரணமே மாமியார் சொன்ன கதைதான். இந்தப் பொண்ணோட பெரியப்பா டீபியிலதான் செத்தாராமே?"

இளவழகன் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் மலர்விழி அவன் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டான்.

"அப்படியா சொன்னாங்க?" என்றாள் மலர்விழி, ரொம்ப அமைதியாக. அவளை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அமைதியைக் கண்டால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

*

இளம்பிள்ளையில் கந்தம்மாள் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குச் சொந்தக்காரர்களைத் திரட்டப் போயிருந்தாள். பிரபாகர் தறிக் கொட்டாயில் இருந்தான். அவர்களைக் கண்டதும் இடது கையால் தறியை நிறுத்தினான். சத்தம் நின்றதும் காது அடைத்தது.

மலர்விழி சன்னல் திட்டில் கிடந்த நாடா ஒன்றை எடுத்தாள். படகு வடிவ மரக்கட்டை. இதன் வயிற்றில் நூல் சுற்றிய தார்க்குச்சியை மாட்டி, நீள இழைகளான பாவுக்கு நடுவே இங்கும் அங்கும் ஓட விடுவார்கள். நூல் வெளியே வருவதற்கு அதன் பக்கத்தில் ஓர் ஓட்டை. நூல் உரசி மரம் தேயாமலிருக்க அந்த ஓட்டையில் சுண்டு விரல் நகத்தளவு ஒரு வளையம். அதை நாடாவின் கண் என்பார்கள்.

"எங்கம்மா காலத்துல பீங்கான் கண்ணு. இப்ப பிளாஸ்டிக்கா?"

பிரபாகர் தலையாட்டினான்.

"இளவழகா, தார் தீர்ந்து புதுசு மாட்டினா, நூலை இந்த ஓட்டை வழியா எப்படி வெளியே எடுப்பாங்க, சொல்லு பார்க்கலாம்."

"ஊசி?"

"வாய்." அவள் நாடாவை உதட்டருகே கொண்டுபோனாள். "கண்ணுல வாயை வெச்சு ஒரு உறிஞ்சு. நூல் நாக்குக்கு வந்துரும். தறிக் குடும்பத்துல பிறந்த குழந்தைக்கு அது கன்னத்தால உறிஞ்சத் தெரியும். புதுசா வந்தவ நெஞ்சால மூச்சை இழுப்பா. கண்ணு ஆடிட்டிருந்தா?"

இளவழகன் அந்தச் சின்ன வளையத்தையே பார்த்தான்.

"தம்பி," மலர்விழி பிரபாகரிடம் திரும்பினாள், "உங்க வீட்டு நாடா எதுவும் காணாமப் போச்சா?"

அவன் தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒண்ணு காணோமுங்க. ஒடஞ்சு போச்சு, அடுப்புல போட்டுட்டேன்னு அம்மா சொன்னாங்க."

இளவழகன் எட்டி வீட்டுக்குள் பார்த்தான். "அடுப்பு கேஸு. வெந்நீருக்கு?"

"ஹீட்டருங்க…" சொல்லும்போதே பிரபாகரின் குரல் இறங்கியது.

"எரிக்க அடுப்பில்லாத வீட்டுல எரிஞ்ச கட்டை!" மலர்விழி நேராகச் சமையலறைக்குப் போனாள். "மகன்கிட்ட இருந்து ஒண்ணை ஒளிக்கணும்னா ஒரு அம்மா எங்க வைப்பா? மகன் கை போகாத இடத்துல. நீ இந்தச் சமையலறையில என்னிக்காவது ஒரு டப்பாவைத் திறந்திருக்கியா தம்பி?"

"தண்ணி குடிக்க வருவனுங்க."

"அதானே."

உளுந்து டப்பாவில் கையை விட்டாள். இல்லை. கடலைப் பருப்பு. இல்லை. கேழ்வரகு டின்னில் முழங்கை வரை விட்டபோது பிளாஸ்டிக் பை சரசரத்தது. உள்ளே நாடா. அரக்குச் சிவப்பு நூல் இன்னும் தார்க்குச்சியில் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மரத்துளை.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"அவ நெய்தது உனக்குத் தெரியும்" என்றாள் மலர்விழி. "அந்த முடிச்சைச் சொல்லிக் குடுத்ததே நீதான். மத்தவங்க மாதிரி வலது கையால வளைக்கலை அவ. நீ இடது கைக்காரன், நீ வளைக்கிற மாதிரி வளைக்கிறா. ஞாயித்துக்கிழமை வாயைத் திறப்பியா?"

பிரபாகர் டின்னின் மூடியை எடுத்து மூடினான். மலர்விழி நாடாவைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் கிழிந்துவிடும் போலிருந்தது.

*

சிகிச்சைக்கு முன்னால், கட்டிலில் உட்கார்ந்திருந்த ரஞ்சிதாவின் மடியில் மலர்விழி அந்த நாடாவை வைத்தாள்.

அந்தப் பெண் அதைத் தொடவில்லை. அழவும் இல்லை.

"தீபாவளி ஆர்டருங்க அக்கா. தறிக்காரர் நின்னுட்டாரு. கொட்டாய்க் கதவைச் சாத்திட்டு ஓட்டு, வெளிய தெரிய வேண்டாம்னாங்க அத்தை. எங்கூட்டுக்காரரு சேலை விக்க இளம்பிள்ளைச் சந்தைக்குப் போயிருந்தாரு. தார் மாத்தி உறிஞ்சினேன். சுருக்குன்னு புரையேறுச்சு. மூச்சே வரல. அத்தை வந்து தலையில தட்டுனாங்க. 'ஆரோ நெனைக்கிறாங்க'ன்னாங்க. வாழைப்பழம் குடுத்து முழுங்கச் சொன்னாங்க. அப்புறம் மூச்சு வந்துருச்சு. வயித்துக்குப் போயிருச்சுன்னு நெனச்சேன்."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா எங்கப்பா அருவாளைத் தூக்குவாரு. கற்பூரம் அடிச்சதுக்குப் பதில் சொல்லுன்னு எங்கூட்டுக்காரரைத்தான கேப்பாங்க? அவுரு தாங்க மாட்டாருங்க."

மலர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் தாங்கணும்னு நீ மூச்சை அடக்கிட்டு இருந்தியா? இந்தச் சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போடு. உன் மூச்சு, உன் கையெழுத்து. எவன் பேரும் அதுல வேண்டாம்."

ரஞ்சிதா போட்டாள்.

கதவு மூடியது. வெளியே சடையன் நின்றார், பொன்னன் லாரி சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார். இளவழகன் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்துபோனான்.

டாக்டர் பிரபா வெளியே வந்தபோது கையில் ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணம் இருந்தது. அதில், சளியும் ரத்தமும் கழுவிய, பழுப்பேறிய ஒரு பிளாஸ்டிக் வளையம். மலர்விழி நாடாவை எடுத்தாள். டாக்டர் வளையத்தைத் துளைமேல் பிடித்தார். அளவு பொருந்தியது.

"நடுவுல ஓட்டை இருந்ததாலதான் பிழைச்சா. அந்த ஓட்டை வழியா மூச்சு போய்வந்துச்சு. நீங்க கேட்ட விசில் அதுதான். சுத்திச் சதை மூடிட்டே வந்திருக்கு. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா அந்தப் பக்கத்து நுரையீரல் போயிருக்கும்." அவர் சடையனைப் பார்த்தார். "டீபி கிடையாது. மோட்டார் ரூம்ல இருந்து என் பேஷண்ட்டை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போங்க."

சடையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

*

ராசிபுரத்தில் அந்த மண்டபத்துக்கு நான்கு கடை தள்ளி நெய் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஜமுக்காளத்தில் இரண்டு பக்கமும் சனம். நடுவில் பெரியவராக மதியழகன் என்ற ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர். கந்தம்மாள் எழுந்து நின்று, மருமகளை மகாராணி மாதிரி வைத்திருந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பிரபாகர் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

ரஞ்சிதா பெண்கள் பக்கம் ஓரமாக இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கந்தம்மாள் தரப்புப் பெண்கள் யாரும் உட்காரவில்லை.

"மலர்விழியம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் மதியழகன்.

"கந்தம்மாகிட்ட ஒண்ணு கேட்டுட்டுச் சொல்றேனுங்க. உங்க மருமக ஒரு நாளாவது தறியில உட்கார்ந்தாளா?"

"கற்பூரத்தைக் கொண்டாங்க! இப்பவும் அடிக்கிறேன்! நாடாவைக் கையில தொட்டவ இல்லீங்க அவ!"

"தொடலை. வாயில வெச்சா."

மலர்விழி நாடாவை ஜமுக்காளத்தில் வைத்தாள். பக்கத்தில், டாக்டர் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில் வளையம். எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். தறிக்காரர்கள் நிறைந்த சபை அது. விளக்கம் தேவைப்படவில்லை. முன்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

கந்தம்மாள் ஒரு நொடிதான் தடுமாறினாள். "ஆருமில்லாதப்ப உள்ள போயி வெளையாட்டுக்கு எடுத்திருப்பா! எனக்கென்ன தெரியும்? உள்ளுக்குள்ள என்ன போச்சுன்னு நான் கண்டனா?"

"கண்டீங்க" என்றாள் மலர்விழி. இப்போது அவள் குரல் உயர்ந்தது. "கண்ணு விழுந்த நாடாவை எந்தத் தறிக்காரியா இருந்தாலும் என்ன பண்ணுவா? புதுக் கண்ணு போட்டு ஓட்டுவா. நீங்க பையில சுத்திக் கேழ்வரகு டின்னுக்குள்ள புதைச்சீங்க. மகன்கிட்ட எரிச்சுட்டேன்னீங்க. கண்ணு எங்க போச்சுன்னு தெரிஞ்சவங்கதான் நாடாவை ஒளிப்பாங்க. அந்தப் பொண்ணு ரத்தமா இருமறப்பல்லாம் என்ன இருமுறான்னு இந்த உலகத்துல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்! வாக்குத் தப்பினது வெளிய வரக் கூடாதுன்னு டீபின்னு பேர் வெச்சீங்க!"

"பேர் வெச்சது டாக்டருங்க! நானில்ல!"

"அந்த டாக்டர்கிட்ட, இவங்க பெரியப்பா டீபியிலதான் செத்தார்னு சொன்னது யாரு?"

சபையின் பின்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. லாரிச் சாவி தரையில் விழுந்த சத்தம். ஆறடி உயரத்துக்குப் பொன்னன் எழுந்து நின்றார்.

"நானு எப்ப செத்தேன்?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்.

"கருமாதிக்கு வந்து சாப்பிட்டியா நீ?" பொன்னனின் குரலில் மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. "உயிரோட இருக்கற மனுசனைக் கொன்னு, எங்கூட்டுப் புள்ளையைக் கொல்லப் பாத்தியே!"

சடையனும் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். "உக்காருங்க!" என்று மலர்விழி அவர் பக்கம் திரும்பினாள். "அவங்க ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு மோட்டார் ரூம்ல போட்டது நீங்க. கை ஓங்கற தகுதி உங்களுக்கும் இல்ல."

அவர் உட்கார்ந்தார்.

கந்தம்மாளுக்குக் கடைசியாக ஒரே ஒரு பிடி இருந்தது. மகனின் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். "எம்பையனைக் கேளுங்க! சாமி, நீயே சொல்லு. உன்ற பொண்டாட்டியை நான் தறியில உக்கார வெச்சனா?"

மண்டபமே அவனைப் பார்த்தது. பிரபாகர் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். நாடாவைப் பார்த்தான்.

வாய் மூடிக்கொண்டது.

"அத்தை, அவுரை விடுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

ரஞ்சிதா எழுந்து நின்றிருந்தாள். பேசுவதற்கு முன் நன்றாக மூச்சை இழுத்தாள். எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் விசில் இல்லை. அது அவளுக்கே இன்னும் பழகாமல், ஒரு நொடி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அத்து உடறதா, சேத்து வெக்கறதான்னு நீங்க ஆரும் பேச வேண்டாமுங்க. நான் பேசிக்கிறேன்." அவள் நேராகப் பிரபாகரைப் பார்த்தாள். "அன்னிக்குப் புரையேறினப்ப ஆரோ நெனைக்கிறாங்கன்னு அத்தை சொன்னாங்க. மூச்சு முட்டிக் கண்ணு இருட்டுது. அப்பக்கூட, நீங்கதான் நெனைக்கிறீங்கன்னு நெனச்சேனுங்க."

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தறி ஓட்டறது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நீங்க முடிச்சுச் சொல்லிக் குடுத்தது புடிச்சிருந்துச்சு. கதவைச் சாத்துனதுதான் புடிக்கல. இனி நான் உங்க ஊட்டுக்கு வர மாட்டேன். நீங்க வாங்க. எங்கூரு பஸ்ஸு உங்களுக்குத் தெரியும். துணிமணி வேண்டாம், அம்மா வேண்டாம், சத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். வாயை மட்டும் கொண்டு வாங்க."

துண்டை உதறிக்கொண்டு சடையன் முன்னால் நடக்க, பொன்னன் சாவியைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வர, அவள் மண்டபத்தை விட்டு இறங்கினாள். மதியழகன் நாடாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, கந்தம்மாளின் முன்னால் வைத்தார். கந்தம்மாளின் தங்கையே எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

*

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இளவழகன் பொரிகடலை வாங்கியிருந்தான்.

"அக்கா, கந்தம்மா இப்ப செவ்வாய்ப்பேட்டை பூரா என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. புரையேறினாக்கூடச் சத்தம் போடாது."

"உங்க மூக்கு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. இங்க மிளகாய் மண்டியும் இல்ல."

மலர்விழி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாமக்கல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. சன்னலோரத்தில் ரஞ்சிதா. பொன்னனின் லாரியில் ஏற மாட்டேன், காற்று வர்ற இடத்தில் உட்கார வேண்டும் என்று அடம் பிடித்துப் பஸ்ஸில் ஏறியிருந்தாள். பக்கத்தில் சடையன், மடியில் மகளின் பை.

பஸ் வளைவு திரும்பும்போது மண்டபச் சந்திலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். பிரபாகர். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. பழக்கடைத் தள்ளுவண்டியில் இடித்து, நிமிர்ந்து, பஸ்ஸின் பின்னால் ஓடினான். கையை ஆட்டினான். ஏதோ கத்தினான். என்ன கத்தினான் என்பது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் அவன் வாய் திறந்திருந்தது.

"அடப்பாவி, இப்பத்தான் ஸ்டார்ட் ஆகியிருக்கு!" இளவழகன் இரண்டு விரல்களை மடித்து வாய்க்குள் வைத்தான். அவன் ஒரு விசில் அடித்தால் போதும், கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிடுவார்.

மலர்விழி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அடிக்காதே. ஓடட்டும். அவனுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."